‘அபேட்சகர்’ போய் ‘வேட்பாளர்’ வந்தது எப்படி? தினசரித் தமிழை மாற்றிய நாடக ஆசிரியர் அண்ணாவின் கதை

தேர்தல் வந்துட்டா ‘வேட்பாளர்’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறோம்? டிவியில், சுவரொட்டியில், ஆட்டோவில் கட்டின ஒலிபெருக்கியில், எங்கே போனாலும் அதே சொல்தான். ஆனால் 90 வருஷத்துக்கு முன்னாடி திருச்சியிலோ சென்னையிலோ தேர்தலில் நின்றவரை ‘அபேட்சகர்’ என்றுதான் நோட்டீஸில் அச்சடித்தார்கள்.

அந்த அபேட்சகருக்காக நடந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ‘அக்கிராசனர்’. கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் ‘காரியதரிசி’. அவர் பேசியது ‘பிரசங்கம்’ அல்லது ‘உபந்நியாசம்’. கேட்க வந்தவர்கள் ‘மகாஜனங்கள்’. முடிவில் சொன்னது ‘வந்தனோபசாரம்’.

இன்றைக்கு இதில் ஒரு சொல்லையாவது யாராவது சொன்னால், பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரே தலைமுறைக்குள் இவ்வளவு சொற்கள் எப்படி மாறின? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நாடக ஆசிரியரின் வாழ்க்கை இருக்கிறது. அவர் சி.என். அண்ணாதுரை. முதலமைச்சராக, கட்சித் தலைவராக அவரைத் தெரியும். இந்தக் கட்டுரை அவர் பேசிய சொற்களைப் பற்றியது.

என்னென்ன சொற்கள் மாறின?

முதலில் ஒரு சின்னப் பட்டியல். இடது பக்கம் இருப்பது அன்று அச்சில் வந்தது, வலது பக்கம் இருப்பது இன்று நாம் சொல்வது.

• அபேட்சகர் – வேட்பாளர்
• அக்கிராசனர் – தலைவர்
• காரியதரிசி – செயலாளர்
• பொக்கிஷதார் – பொருளாளர்
• அங்கத்தினர் – உறுப்பினர்
• மகாநாடு – மாநாடு
• பிரசங்கம் – சொற்பொழிவு
• மகாஜனங்களே – பொதுமக்களே
• வந்தனம் – நன்றி
• நமஸ்காரம் – வணக்கம்
• மந்திரி – அமைச்சர்
• சட்டசபை – சட்டமன்றம்
• சர்வகலாசாலை – பல்கலைக்கழகம்
• ஜில்லா – மாவட்டம்
• விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை – திருமண அழைப்பிதழ்

இதில் ‘மந்திரி’, ‘சட்டசபை’ இரண்டும் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மற்றவை அநேகமாகப் போய்விட்டன.

ஷேக்ஸ்பியர் செய்ததும் இதுதானா?

நாடக ஆசிரியர்களுக்கும் சொற்களுக்கும் உள்ள உறவு உலகம் முழுக்கப் பேசப்படும் விஷயம். ஆங்கிலத்தில் சுமார் 1,700 சொற்களை ஷேக்ஸ்பியர் அறிமுகப்படுத்தினார் என்று அடிக்கடி சொல்வார்கள். ‘லோன்லி’, ‘அசாசினேஷன்’ போன்ற சொற்கள் அந்தப் பட்டியலில் இருக்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் தொகுத்தபோது, ஒவ்வொரு சொல்லும் முதலில் எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று தன்னார்வலர்கள் தேடினார்கள். எல்லார் வீட்டிலும் இருந்த புத்தகம் ஷேக்ஸ்பியர். அதனால் பல சொற்களுக்கு அவர் பெயரே முதல் ஆளாகப் பதிவானது. பிறகு பழைய நூல்கள் கணினியில் ஏறின. தேடிப் பார்த்ததில், ‘அசாசினேஷன்’ உட்படப் பல சொற்கள் அவருக்கு முன்பே இருந்தது தெரிந்தது.

அப்படின்னா ஷேக்ஸ்பியருக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. எங்கோ ஒரு புத்தகத்தில் கிடந்த சொல்லை, காசு கொடுத்து நின்றுகொண்டே நாடகம் பார்த்த சாதாரண ஜனங்களின் காதில் போட்டவர் அவர். அண்ணாவின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

காஞ்சிபுரம் முதல் பச்சையப்பன் வரை

அண்ணாதுரை பிறந்தது 1909 செப்டம்பர் 15-ல், காஞ்சிபுரத்தில். அப்பா நடராசன், அம்மா பங்காரு அம்மாள். வளர்த்தவர் சித்தி ராஜாமணி அம்மாள். வசதியான குடும்பம் இல்லை. பள்ளிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச நாள் எழுத்தராக வேலை பார்த்தார்.

அந்த அலுவலகத்துக்கு வந்த சாதாரண மனுஷனுக்கு அன்று இரண்டு சுவர்கள். ஒன்று ஆங்கிலம். இன்னொன்று, தமிழ் எழுத்தில் இருந்தாலும் பாதி சமஸ்கிருதமாக இருந்த அரசு பாஷை. தன் ஊரில், தன் வேலைக்காகப் போனவர், அங்கே ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துச் சொல்ல இன்னொருவரைத் தேடவேண்டி இருந்தது.

அண்ணா மறுபடியும் படிக்கப் போனார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசக்கூடியவர் என்று பெயர் எடுத்தார். இது முக்கியம். ஆங்கிலமோ வடமொழிச் சொல்லோ தெரியாததால் தமிழுக்கு வந்தவர் இல்லை அவர்.

1934-ல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தார். அதே ஆண்டில் ‘கொக்கரகோ’ என்ற அவருடைய சிறுகதை ‘ஆனந்த விகட’னில் வந்தது. அரசியலும் எழுத்தும் ஒரே நேரத்தில் தொடங்கின. 1930-களின் நடுவில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் நீதிக்கட்சி சார்பில் நின்று தோற்றார். அன்றைய வழக்கப்படி சொன்னால், அவரும் ஒரு தோற்ற ‘அபேட்சகர்’தான்.

பின்னர் ஈரோட்டில் ‘குடி அரசு’, ‘விடுதலை’ பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1942-ல் காஞ்சிபுரத்தில் சொந்தமாக ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார்.

1938-ல் நடந்தது என்ன?

நடுவில் ஒரு பெரிய திருப்பம். 1937-ல் ராஜாஜி தலைமையில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது.

அந்தப் போராட்டத்தில் திருச்சிக்குத் தனி இடம் உண்டு. 1938 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து ‘தமிழர் படை’ என்ற பெயரில் தொண்டர்கள் சென்னைக்கு நடந்தே போனார்கள். வழியெல்லாம் ஊர் ஊராகக் கூட்டம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் அந்தப் படையில் நடந்தார்கள். போராட்டத்தில் அண்ணாவும் கைதாகிச் சில மாதங்கள் சிறையில் இருந்தார்.

இந்த நேரத்தில்தான் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதோடு, எந்தத் தமிழில் பேசுகிறோம் என்பதும் அரசியல் ஆனது. ‘நமஸ்காரம்’ சொல்கிறவர், ‘வணக்கம்’ சொல்கிறவர் என்று மேடையிலேயே ஆளை அடையாளம் காணும் நிலை வந்தது.

இந்தச் சொற்களை அண்ணாவா உருவாக்கினார்?

நேரடியான பதில்: பெரும்பாலானவற்றை இல்லை.

‘வணக்கம்’, ‘தலைவர்’, ‘அமைச்சர்’, ‘கழகம்’ எல்லாம் பழைய தமிழ்ச் சொற்கள். ‘அமைச்சு’, ‘கழகம்’ இரண்டும் திருக்குறளிலேயே உண்டு. புதிதாக உருவானவற்றுக்கும் அண்ணாவுக்கு முன்பே உழைத்தவர்கள் இருந்தார்கள்.

அவரைப் போலவே நாடகம் எழுதிய ஒருவர் அதில் முன்னோடி. பெயர் சூரியநாராயண சாஸ்திரி. தன் பெயரையே ‘பரிதிமாற் கலைஞர்’ என்று தமிழில் மாற்றிப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். 1903-ல் 33 வயதிலேயே இறந்துவிட்டார். அவருக்குப் பிறகு 1916-ல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வேதாசலம் என்ற அவருடைய பெயர்தான் மறைமலை ஆனது.

அதே 1916-ல் சேலத்தில் அறிவியல் சொற்களைத் தமிழில் கொண்டுவர ஒரு சங்கம் தொடங்கியது. அதில் முன் நின்றவர் யார் தெரியுமா? ராஜாஜி. ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல் காமராஜர் ஆட்சியில்தான் வந்தது. அதை ஒட்டி ஆட்சிச் சொல்லகராதி உருவானதில் கீ. இராமலிங்கனார் போன்றவர்களின் உழைப்பு உண்டு.

ஆக, தமிழ்ச் சொற்களை உருவாக்கியதில் சைவப் புலவர் உண்டு, பிராமணப் பேராசிரியர் உண்டு, காங்கிரஸ்காரர் உண்டு, அரசு அதிகாரி உண்டு. ஒரு கட்சியின் சொத்து இல்லை அது.

ஆனால் இவர்களில் பலரின் சொற்கள் புலவர் கூட்டத்தையும் இதழ்களையும் தாண்டவில்லை. ஒரு சொல்லை உருவாக்குவது ஒரு வேலை. அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோவது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலையைச் செய்தவர் அண்ணா.

சொல் எப்படிப் பிறக்கிறது? ஒரு சின்ன விளக்கம்

‘அபேட்சை’ என்றால் விருப்பம். அதனால் பதவியை விரும்பி நிற்கிறவர் அபேட்சகர். தமிழில் ‘வேட்டல்’ என்றாலும் விரும்புதல். அதிலிருந்து வந்தது வேட்பாளர். இரண்டும் ஒரே பொருள்தான்.

‘அங்கம்’ என்றால் உடல் உறுப்பு. அங்கத்தினர் அப்படியே உறுப்பினர் ஆனார். ‘அக்கிர ஆசனம்’ என்றால் முதல் இருக்கை. அதில் உட்கார்கிறவர் அக்கிராசனர். இங்கே மட்டும் நேர் மொழிபெயர்ப்பு இல்லை. இருக்கையை விட்டுவிட்டு, ‘தலைவர்’ என்று ஆளைச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. ‘ஆளர்’ என்ற ஒட்டு. செயலாளர், பொருளாளர் என்று இரண்டு சொல் தெரிந்துவிட்டால், மூன்றாவதை யாரும் சொல்லித்தர வேண்டாம். பேச்சாளர், செய்தியாளர், நெறியாளர், ஒருங்கிணைப்பாளர் என்று அது இன்று வரை குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. காரியதரிசியை வைத்து இப்படி இன்னொரு சொல் செய்வது சாதாரண ஆளுக்கு நடக்காத காரியம்.

நாடக மேடையில் என்ன மாற்றம்?

அண்ணா வருவதற்கு முன் தமிழ் நாடகம் என்றால் பெரும்பாலும் புராணக் கதை, வரிசையாகப் பாட்டு. ராஜாவும் ராணியும் பேசும் வசனத்தில் ‘பிராணநாதா’, ‘ஸ்வாமி’ போன்ற சொற்கள் நிறைய இருக்கும்.

அண்ணா நாடகங்களில் கதை நிகழ்காலத்துக்கு வந்தது. ஜமீன்தார், வட்டிக்குக் கொடுப்பவர், வேலைக்காரப் பெண், போலிச் சாமியார் என்று ஊரில் பார்க்கிற ஆட்கள் மேடையேறினார்கள். பாட்டின் இடத்தைப் பேச்சு பிடித்தது. அடுக்குமொழி, எதுகை, மோனை எல்லாம் சேர்ந்து, கேட்டவர் வீட்டுக்குப் போகும்போது வசனத்தை மனப்பாடமாக எடுத்துக்கொண்டு போகிற மாதிரி எழுதினார்.

‘சந்திரோதயம்’ நாடகத்தில் அவரே நடித்தார். ‘சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்ய’த்தில் காகபட்டர் வேடம் அவருடையது. அதில் சிவாஜியாக நடித்த இளைஞர், திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த வி.சி. கணேசன். நடிப்பைப் பார்த்த பெரியார் பாராட்ட, அதிலிருந்து அவர் சிவாஜி கணேசன் ஆனார்.

கே.ஆர். ராமசாமியின் நாடகக் குழுவுக்காக ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ இரண்டையும் எழுதினார். ‘ஓர் இரவு’ பார்த்த கல்கி, அரசியலில் எதிர் முகாமில் இருந்தவர். ஆனாலும் அண்ணாவைப் பெர்னாட்ஷா, இப்சன் வரிசையில் வைத்துப் பாராட்டி எழுதினார். ‘தென்னாட்டு பெர்னாட்ஷா’ என்ற பட்டம் அண்ணாவுக்கு நிலைத்தது.

1949-ல் ‘நல்லதம்பி’யும் ‘வேலைக்காரி’யும், 1951-ல் ‘ஓர் இரவு’ம் சினிமாவாக வந்தன. நாடகம் போகாத ஊருக்கும் டூரிங் டாக்கீஸ் போகும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படம் பார்ப்பார். பள்ளிக்கூடம் நுழையாத இடத்திலும் இந்தத் தமிழ் நுழைந்தது அப்படித்தான். பின்னாலேயே மு. கருணாநிதி உள்ளிட்ட வசனகர்த்தாக்கள் வந்து அதை இன்னும் பரப்பினார்கள்.

மேடையிலிருந்து தெருவுக்கு

நாடகம் ஒரு வழி. இன்னொரு வழி கட்சி.

1944-ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி ‘திராவிடர் கழகம்’ என்று பெயர் மாறியது. அந்தத் தீர்மானத்துக்கே அண்ணாதுரை தீர்மானம் என்று பெயர். 1949 செப்டம்பரில் பெரியாரிடமிருந்து பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். தலைவர் நாற்காலி பெரியாருக்கே உரியது என்று அதைக் காலியாக விட்டார். தான் ஏற்றுக்கொண்டது பொதுச்செயலாளர் பொறுப்பு.

இதனால் ஒரு சொல்லின் எடையே மாறியது. மற்ற இடங்களில் செயலாளர் என்றால் தலைவருக்கு அடுத்த ஆள். தமிழ்நாட்டு அரசியலிலோ பொதுச்செயலாளர் என்றால் கட்சியின் முதல் ஆளாகவும் இருக்கலாம்.

ஊர் ஊராகக் கிளைகள், மன்றங்கள், படிப்பகங்கள் வந்தன. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், பத்துப் பதினைந்து உறுப்பினர்கள். தறி நெய்கிறவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் முடி திருத்துகிறவரும் அந்தப் பொறுப்புகளுக்கு வந்தார்கள். காரியதரிசி என்ற சொல்லை உச்சரிக்கவே தயங்கியிருக்கக்கூடிய ஒருவர், கிளைச் செயலாளர் என்று தன் பெயருக்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொல் மாறியதோடு, அந்தச் சொல்லுக்குள் யார் உட்காரலாம் என்பதும் மாறியது. இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான்.

சலூன்களிலும் டீக்கடைகளிலும் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்களில் ‘தம்பி’ என்று கூப்பிட்டார் அண்ணா. உறவுமுறைச் சொல்லே அரசியல் சொல்லானது. வயதில் மூத்தவர்களும் அவரை ‘அண்ணா’ என்றார்கள்.

திருச்சி 1956: வேட்பாளர் ஆனது கட்சி

1956 மே மாதம் திருச்சியில் திமுகவின் மாநில மாநாடு நடந்தது. அதுவரை தேர்தலில் நிற்காத கட்சி, நிற்கலாமா வேண்டாமா என்று வந்திருந்தவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. நிற்கலாம் என்பது பெரும்பான்மை முடிவு.

அடுத்த ஆண்டே சுவரெல்லாம் ‘வேட்பாளர்’. 1957-ல் 15 பேர் வென்றார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணாவும் வென்றார். 1962-ல் கட்சிக்கு 50 இடங்கள், ஆனால் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். அதன் பிறகு மாநிலங்களவைக்குப் போனார்.

கட்சி நோட்டீஸில் இருந்த சொற்கள் பேரவை விவாதத்துக்கும், அங்கிருந்து நாளிதழ் தலைப்புக்கும் போயின. பத்திரிகைகளும் மாற ஆரம்பித்தன. எதிர்க்கட்சிகளும் மாறின. ஒரு கட்டத்தில் காங்கிரஸ் மேடையிலும் அபேட்சகர் இல்லை, வேட்பாளர்தான்.

அப்போ அண்ணா தூய தமிழ்க்காரரா?

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். அவருடைய நாடகத்தின் பெயர் ‘சந்திரோதயம்’. புத்தகத்தின் பெயர் ‘ஆரிய மாயை’. கட்சியின் சின்னம் ‘உதயசூரியன்’. கட்சிப் பெயரின் முதல் சொல் ‘திராவிட’. இவை எதுவும் தனித்தமிழ்ச் சொல் இல்லை.

மறைமலை அடிகள் போல ஒவ்வொரு சொல்லையும் சலித்துப் பார்த்தவர் இல்லை அண்ணா. ‘சூரியன்’ எல்லாருக்கும் தெரியும், அதனால் அது இருக்கட்டும். ‘அக்கிராசனர்’ யாருக்கும் புரியாது, அதனால் அது போகட்டும். அவர் நடைமுறையில் கையாண்ட அளவுகோல் இதுதான் என்று அவர் எழுத்தைப் பார்த்தால் தெரிகிறது. சொல் எங்கிருந்து வந்தது என்பதை விட, கேட்கிறவருக்குப் போய்ச் சேருமா என்பதே அவர் கவலை.

தனித்தமிழ் அறிஞர்கள் இதைக் குறையாகப் பார்த்தது உண்டு. எதிர்ப்பக்கத்தில், அடுக்குமொழி என்பது வெறும் அலங்காரம் என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. பழகிய வடசொற்களை எல்லாம் ஒதுக்குவதால் முந்தைய தலைமுறையின் உரைநடையே அந்நியமாகிவிடும் என்று கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கவலையில் உண்மை இல்லாமல் இல்லை. 1920-களின் ஒரு செய்தித்தாளை இன்று எடுத்தால், பல வரிகளுக்கு அகராதி தேவைப்படுகிறது.

கோட்டையில் ஏறிய சொற்கள்

1967 மார்ச் 6-ல் அண்ணா முதலமைச்சர் ஆனார். ஏப்ரலில் புனித ஜார்ஜ் கோட்டையில் ‘தமிழக அரசு தலைமைச் செயலகம்’ என்ற தமிழ்ப் பலகை வந்தது. அரசுக் கடிதங்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி போய் திரு, திருமதி, செல்வி வந்தது. அரசு முத்திரையில் ‘வாய்மையே வெல்லும்’ இடம்பிடித்தது. அதுவரை நாடகமும் கட்சியும் பரப்பியதை இப்போது அரசாணை உறுதி செய்தது.

மிச்சம் இருந்தது மாநிலத்தின் பெயர். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிரையே விட்டிருந்தார். கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் கொண்டுவந்த பெயர் மாற்ற மசோதாவை ஆதரித்து 1963-ல் அண்ணா பேசினார். மசோதா தோற்றது. 1967 ஜூலை 18-ல், முதலமைச்சராக, சட்டமன்றத்தில் அவரே தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாக் கட்சியும் ஏற்க, ஒருமனதாக நிறைவேறியது.

அதற்குள் உடல்நிலை கெட்டுவிட்டது. புற்றுநோய். 1968 செப்டம்பரில் அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. திரும்பி வந்தவர், தமிழ்நாடு பெயர் மாற்ற விழாவில் பலவீனமான உடலோடு கலந்துகொண்டார். 1969 ஜனவரி 14, பொங்கல் அன்று பெயர் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3-ல் அண்ணா இறந்தார். 59 வயது. தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி உள்ள மாநிலத்தில் அவர் முதலமைச்சராக இருந்தது மூன்றே வாரம்.

சமயபுரம் போற பஸ்ஸில் ஏறிப் பாருங்க

இந்தச் சொற்களில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை? திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து சமயபுரம் வரை ஒரு பயணம் போனாலே தெரிந்துவிடும்.

பலகையில் ‘பேருந்து நிலையம்’. ஆனா நாம சொல்றது பஸ் ஸ்டாண்ட். வண்டியில் ‘அரசுப் போக்குவரத்துக் கழகம்’. ‘கழகம்’ இங்கே அரசியல் கட்சியை நினைவூட்டுவதே இல்லை. சிந்தாமணி அண்ணா சிலையைத் தாண்டி, காவிரிப் பாலம் ஏறினால் அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம். அரசு ஆவணங்களில் திருவரங்கம் என்றும் பார்க்கலாம், ரயில் நிலையத்தில் ஸ்ரீரங்கம் என்று இருக்கும். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிறவர் அநேகமாக ஸ்ரீரங்கம் என்றுதான் கேட்பார்.

கொள்ளிடம் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட். அது ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரத்துக்கு வந்த புது டோல்கேட்டுக்குச் செய்திகளில் ‘சுங்கச்சாவடி’ என்று பெயர். பேச்சில் அதுவும் டோல்கேட்தான்.

சமயபுரத்தில் இறங்கினால் ‘அருள்மிகு மாரியம்மன் திருக்கோயில்’. ‘இந்து சமய அறநிலையத் துறை’. இவை நிலைத்துவிட்ட அரசுத் தமிழ்.

ஆனால் கோயிலின் பெரிய விழாவுக்குப் பெயர் என்ன? பூச்சொரிதல். பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் இருப்பது பச்சைப்பட்டினி விரதம். எடுப்பது தீச்சட்டி, பால்குடம். இந்தப் பெயர்களை எந்த இயக்கமும் கொண்டுவரவில்லை. ஜனங்களின் வாயில் அவை ஏற்கெனவே இருந்தன. ‘பச்சைப்பட்டினி’யோடு ‘விரதம்’ என்ற வடசொல்லும் சண்டையில்லாமல் சேர்ந்தே இருக்கிறது.

இதிலிருந்து ஒன்று புரியும். தமிழ், மக்களிடம் ஒருநாளும் தொலையவில்லை. அது இல்லாமல் இருந்தது கூட்ட மேடையிலும், அலுவலகத்திலும், அச்சடித்த நோட்டீஸிலும். மாற்றம் நடந்ததும் அங்கேதான்.

இலங்கைத் தமிழில் ஏன் வேறு சொற்கள்?

இதற்கு இன்னொரு சாட்சி பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கைச் செய்திகளில் இன்றும் ‘ஜனாதிபதி’, ‘பாராளுமன்றம்’, ‘அபிவிருத்தி’. நமக்கு அவை குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம், வளர்ச்சி.

யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பற்று குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. வித்தியாசம் வேறு. இங்கே நாடகம், சினிமா, கட்சி, ஆட்சி நான்கும் ஒரே கை வழியாக முப்பது வருஷம் ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லின. அங்கே அப்படி ஒரு சங்கிலி அமையவில்லை.

இப்போது நடப்பது

அதே வேலை இன்றும் நடக்கிறது. ‘செயலி’, ‘இணையதளம்’, ‘நேரலை’, ‘குறுஞ்செய்தி’ எல்லாம் நம் கண் முன்னாடி வந்த சொற்கள். செய்தியில் தினமும் வருவதால் ‘நேரலை’ பழகிவிட்டது. ‘கைபேசி’ எழுத்தில் இருக்கிறது, கையில் இருப்பதை நாம் ‘ஃபோன்’ என்றுதான் சொல்கிறோம். எந்தச் சொல் ஜெயிக்கும் என்பது அகராதியில் முடிவாவதில்லை. அதை யார், எத்தனை பேர் முன்னால், எத்தனை தடவை சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சுங்கச்சாவடியைத் தினமும் கடக்கிறவர்கள் அதை டோல்கேட் என்றே சொல்லும் வரை, அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு நல்ல நாடக ஆசிரியர் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.